விடுதலைப் பத்திரமா? அடிமைச் சாசனமா?

காஞ்சீபுரத்துப் பட்டுக்கு உலகமெல்லாம் பேர் உண்டு. ஆனால் அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரும் பெண்ணுக்கு என்ன பேர்? கல்யாணத்தன்று அவள் மகாலட்சுமி. தகப்பன் சொத்தில் பங்கு கேட்கும் அன்று "பிறந்த வீட்டைக் கெடுக்க வந்தவள்." "புடவை, நகை, சீர் எல்லாம் செய்தாகிவிட்டதே, பங்கு எதற்கு?" என்று சொல்லி, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கிவிடுகின்றார்கள். அந்தக் காகிதத்திற்கு "விடுதலைப் பத்திரம்" என்று பெயராம்! யாருக்கு விடுதலை என்று கேட்கின்றோம்.

பெண்ணின் கையெழுத்தைக் கொண்டே பெண்ணின் சொத்தைப் பறிக்கும் இந்த வித்தை புதிதல்ல. கார்னீலியா சோராப்ஜி என்னும் அம்மையார் 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை எழுதினார். பெண் என்பதற்காகவே அவருக்குப் பட்டம் 1922 வரை கொடுக்கப்படவில்லை. 1904 முதல் வங்காளத்தில் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து, பர்தாவுக்குள் அடைபட்டு, ஆண் வக்கீலின் முகத்தைப் பார்க்கவும் கூடாதென்றிருந்த ஸ்திரீகளின் சொத்துக்களைக் காக்கப் பாடுபட்டார். பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்ற சட்டம் 1923-இல்தான் வந்தது. அம்மையார் வெள்ளையர் ஆட்சியை ஆதரித்தவர். அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் செய்த வேலையை யாரால் மறுக்க முடியும்?

அவரைப் பார்த்தே சுஜாதா மாஸ்ஸி என்னும் எழுத்தாளர் பர்வீன் மிஸ்திரி என்ற பெண் வக்கீலைக் கதாநாயகியாக்கி 2018-இல் ஒரு நாவல் வெளியிட்டார். 1921-இல் பம்பாயில் பர்தாவிலிருக்கும் மூன்று விதவைகள் தங்கள் பங்கு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டதாக ஒரு காகிதம் வருகின்றது. உண்மையில் அறிந்துதான் எழுதினார்களா என்று அந்தப் பெண் வக்கீல் சந்தேகிக்கின்றாள். அந்தச் சந்தேகம் நம் ஊர் ரிஜிஸ்தர் ஆபீசில் யாருக்காவது வருகின்றதா? நம் பெண்களுக்குப் பர்தா இல்லை என்று பெருமை பேசுவோரே, பட்டுப்புடவையே பர்தாவாகிவிட்டதை அறியீரோ?

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது வைதீகர்கள் சிரித்தார்கள். 1989-இல் தமிழ்நாட்டில் கல்யாணமாகாத பெண்களுக்கும், 2005-இல் இந்தியா முழுவதும் எல்லா இந்துப் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் ஆண் மக்களோடு சம பங்கு சட்டமாயிற்று. அது பிறப்பாலேயே வரும் உரிமை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் கொடுத்ததைச் சம்பிரதாயம் பிடுங்குகின்றது.

"அவளே மனமொப்பித்தானே கொடுக்கின்றாள்" என்பார்கள். அப்படியானால் மனமொப்பித் தங்கைக்கு எழுதிக் கொடுத்த அண்ணன் எத்தனை பேர்? பாசம் ஒரு பக்கமாகவே ஓடுமா? கோயிலில் இருக்கும் கல் அம்மனுக்குச் சொத்து இருக்கலாமென்று கோர்ட்டே ஒப்புக்கொள்கின்றது. அவளிடம் யாரும் விடுதலைப் பத்திரம் கேட்பதில்லை. தார் சுற்றியும் பாவு பிணைத்தும் குடும்பத்தைக் காப்பாற்றிய உயிருள்ள பெண்ணிடம் மாத்திரம் கேட்கின்றார்கள்!

ஆகவே, சகோதரிகளே! புடவை உங்கள் பங்கல்ல. சீர் உங்கள் பாகமல்ல. காகிதத்தைப் படிக்காமல், உங்களுக்காகப் பேசும் ஒரு வக்கீலைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். சகோதரர்களே! உங்களுக்கு மானமிருந்தால் அந்தக் காகிதத்தை நீட்டாதீர்கள்.