கண்ணைப் பார்க்காத வைத்தியம்

"கண்ணுக்குள்ள கொசு பறந்த மாதிரி இருக்கு மக்கா. கைய வீசினாலும் போவ மாட்டேங்கு."

2014-ல் எங்கள் தெருக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது இது. எனக்குச் சித்தப்பா முறை. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் அவருடைய பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவன் திரும்பிப் போய்விடுவான். கல்குளம் தாலுகாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டு. விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிற தொழில். பட்டையில் கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் கெட்டுப்போகும், குறைந்தால் பால் வராது. எல்லாம் கண்ணும் கையும்தான்.

இருமல், எடை குறைவு, வயிற்றுப்போக்கு என்று ஆறேழு மாதம் அலைந்து கடைசியில்தான் எச்.ஐ.வி. என்று கண்டார்கள். காசநோயும் இருந்தது. சி.டி.4 எண்ணிக்கை 31. சாதாரணமாக ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டியது. காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், ஏ.ஆர்.டி. கொடுத்தார்கள், ஆலோசனை கொடுத்தார்கள். கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இவராகப் போய்ச் சொன்னார். கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். சீட்டைப் பார்த்ததும் "நீ ஓரமா நில்லு, கடைசில பாக்கலாம்" என்று ஒரு குரல். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கூப்பிட்டு, ஒரு கை தூரத்தில் நின்று டார்ச் அடித்தார்கள். "புரை ஒண்ணும் இல்ல. வயசாவுதுல்லா." சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது வயசு நாற்பத்தொன்று. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. ஒரு பெயரை எழுதினால் மற்ற ஆஸ்பத்திரிகளெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

இரண்டு மாதத்தில் இடது கண் போயிற்று.

அந்தக் கொசு என்ன என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒரு கிருமி. நம்மில் பெரும்பாலானவர் உடம்பில் சின்ன வயசிலேயே புகுந்து சும்மா கிடப்பது. எதிர்ப்புச் சக்தி அடியோடு சரிந்து, சி.டி.4 ஐம்பதுக்குக் கீழே போனால், அது எழுந்து விழித்திரையைத் தின்ன ஆரம்பிக்கிறது. வலி இருக்காது, கண் சிவக்காது. பூச்சி பறக்கும், மின்னல் வெட்டும், பார்வையில் ஒரு மூலை காணாமல் போகும். செத்த விழித்திரை திரும்ப முளைக்காது. கிழிந்து கழன்றும் போகும். ஒரு கண்ணில் தொடங்குவது விட்டுவைத்தால் அடுத்த கண்ணுக்கும் போகும். கண்ணின் மேலே விடுகிற சொட்டு மருந்து விழித்திரை வரை போய்ச் சேராது. டார்ச் வெளிச்சத்தில் இது தெரியவும் தெரியாது. பாவையை விரிக்கிற சொட்டு விட்டு, தலையில் விளக்குக் கட்டி, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, நோயாளியின் முகத்துக்குக் கிட்டே குனிந்து பார்க்க வேண்டும்.

குனிந்து, கிட்டே. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

இது பழைய திருவிதாங்கூர் மண். இன்ன சாதிக்காரன் இன்னாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்த ராஜ்யம். பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையிலோ புதிரை வண்ணாரைக் கண்ணால் கண்டாலே தீட்டு என்று பகலில் நடமாட விடாமல் வைத்திருந்தார்கள். தொட்டால் தீட்டு, கிட்டே வந்தால் தீட்டு, பார்த்தால் தீட்டு. சட்டம் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. அந்த ஒரு கை தூரத்து டார்ச்சை எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று கேட்கிறேன். எந்த மருத்துவப் புத்தகத்திலும் அது கிடையாது. எச்.ஐ.வி. பார்ப்பதால் பரவாது, முகத்துக்கு முகம் கிட்டே போவதால் பரவாது என்று வைத்தியத்துக்குப் படித்தவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அறிவுக்குத் தெரிந்தது கைக்கும் காலுக்கும் தெரியவில்லை. சீட்டில் நோயின் பெயர், விலாசத்தில் காலனியின் பெயர். இரண்டில் எது அவர்களைத் தள்ளி நிற்க வைத்தது என்று சித்தப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நோய்க்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசுகிறோம். சரிதான். வைத்தியத்துக்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப்பக்கம் நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வந்து எரிந்தால் அக்கி என்போம். மண்பானை செய்கிறவரிடம் போய்க் காவியைக் கரைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவோம். அக்கி எழுதுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவராவது முகத்தைத் தொடுகிறார். ஆனால் முப்பது வயசுக்காரனுக்கு ஒரு பக்க நெற்றியில் அக்கி வந்தால் அது எச்.ஐ.வி.யின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணுக்குள்ளும் போயிருக்க வாய்ப்பு அதிகம். மூன்று நாளைக்குள் மாத்திரை தொடங்கினால் கண்ணைக் காப்பாற்ற வழியுண்டு. இதை எந்தச் சுவரிலாவது எழுதிவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? காசநோய் மாத்திரைகளில் எதாம்பூட்டால் என்று ஒன்று உண்டு. சிலருக்கு அது பார்வை நரம்பைக் கெடுக்கும். சிவப்பும் பச்சையும் மங்கும். உடனே நிறுத்தினால் பலருக்குத் திரும்பும். மாத்திரையைக் கையில் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

"அதெல்லாம் பழைய கதை, ஏ.ஆர்.டி. வந்த பிறகு இப்போ யாருக்கு வருது" என்று ஒரு டாக்டர் நண்பர் சொன்னார். அமெரிக்காவைப் பார்த்துச் சொல்கிறார். அங்கே 1996-க்கு முன்னால் எய்ட்ஸ் நோயாளிகளில் பத்தில் மூன்று பேருக்கு இந்தக் கண்நோய் வந்தது. கூட்டு மருந்து வந்ததும் வேகமாகக் குறைந்தது. இங்கே சென்னையில் 1986-லேயே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சுனிதி சாலமனும் நிர்மலாவும் கண்டுபிடித்தது. 1990களிலேயே சங்கர நேத்ராலயா டாக்டர்கள் எச்.ஐ.வி. நோயாளிகளின் கண்களைச் சோதித்து, இந்த விழித்திரை நோய்தான் அதிகம் என்று எழுதி வைத்தார்கள். இலவச ஏ.ஆர்.டி. வந்தது 2004 ஏப்ரலில். மருந்து வந்த பிறகும் நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது எப்போது? உடம்பு ஒடிந்து, கூலிக்குப் போக முடியாத நாளில். அதுதான் சி.டி.4 முப்பது, நாற்பது. அந்த நாளில் ஏ.ஆர்.டி. மட்டும் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம். அதற்குள் செத்த விழித்திரை செத்ததுதான்.

மியான்மரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் எய்ட்ஸ் சிகிச்சை நிலையங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். டேவிட் ஹெய்டன் என்ற கண் டாக்டர் போய், எய்ட்ஸ் மருத்துவம் பார்க்கிற சாதாரண டாக்டர்களுக்கே சில நாள் பயிற்சியில் விழித்திரை பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சி.டி.4 நூறுக்குக் கீழே இருந்த புதிய நோயாளிகளைப் பார்த்ததில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த நோய். அதே டாக்டர்களே கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள். 2007-ல் ஹெய்டனும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை இதை எய்ட்ஸ் கொள்ளைநோயின் கைவிடப்பட்ட நோய் என்றே சொல்லிற்று. பத்து வருஷம் கழித்து, 2017-ல், முற்றிய எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. காசநோய் உண்டு, மூளைக்காய்ச்சல் உண்டு. கண் இல்லை. கொல்லுகிற நோயைத்தான் எண்ணுவார்களாம். குருடாகிப்போன கூலிக்காரன் உயிரோடு இருக்கிறான் அல்லவா, அவன் கணக்கில் வெற்றி.

மருந்தின் கதையும் இதே லட்சணம்தான். கண்ணுக்குள் ஊசி வேண்டாம், வாயால் விழுங்கலாம் என்று வால்கேன்சைக்ளோவிர் என்ற மாத்திரை வந்தது. ரோச் கம்பெனி வைத்த விலையில் எந்தப் பால்வெட்டுக்காரன் அதை வாங்குவான்? 2007-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் ரோச்சுக்கு உரிமையும் கொடுத்தது. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் இந்தியக் கூட்டமைப்பும் தமிழ்நாட்டுக் கூட்டமைப்பும் எங்கள் ஆட்சேபத்தைக் கேட்கவில்லையே என்று உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடினார்கள். 2010-ல் காப்புரிமை ரத்தாயிற்று. நோயாளிகள் நடத்திய சண்டை அது. தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை வரி வந்தது? 2000களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா" என்று ஊர் ஊராகக் கேட்டுச் சிரித்தோம். வந்துவிட்ட புள்ளிராஜாவுக்குக் கண் தெரிகிறதா என்று கேட்க நாதியில்லை.

நம்மவர்களையும் விட முடியாது. "பார்த்த பார்வைக்குக் கர்த்தர் குடுத்த கூலி" என்று சித்தப்பாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது மேல்சாதிக்காரன் இல்லை, நம் சபையார்தான். கோயிலுக்குப் போகிற பக்கம் அதையே முன்ஜென்ம வினை என்றார்கள். வினை என்ற சொல்லை வைத்துத்தானே நம்மைச் சேரியில் தள்ளினான்? அதே சொல்லை எடுத்து நம் ஆள் மேலேயே எறிகிறோம். நம் இயக்கங்கள் எய்ட்ஸைப் பற்றிப் பேசினால் நம் சாதி நோயென்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டன. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அதற்கு விலை கொடுத்தது தலைவர்கள் இல்லை.

எச்.ஐ.வி. பாதித்தவர்களை ஒதுக்கக்கூடாது என்று 2017-ல் சட்டம் போட்டார்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை மறுக்கக்கூடாது என்கிறது அது. "உனக்குச் சிகிச்சை இல்லை" என்று எவன் சொல்கிறான்? ஓரமாக நில் என்கிறான், சொட்டு மருந்து எழுதுகிறான். ஆகவே கேட்பதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். சி.டி.4 நூறுக்குக் கீழே என்று ரிசல்ட் வருகிற அன்றைக்கே, பார்வை குறைந்தாலும் குறையாவிட்டாலும், பாவையை விரித்து இரண்டு விழித்திரையையும் பார்த்து எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டால் ஏன் பார்க்கவில்லை என்று எழுதித் தரச்சொல்ல வேண்டும். மாவட்டந்தோறும் ஏ.ஆர்.டி. மையத்திலேயே ஒருவருக்கு இந்தப் பயிற்சி வேண்டும். கண் முகாம் நடத்தி எத்தனை புரை எடுத்தோம் என்று படம் போடுகிற தர்மவான்கள் முகாமில் ஒரு மேசையை இதற்கு ஒதுக்கட்டும்.

சித்தப்பாவைப் பிறகு திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தின் மேல் குனிந்தபோது, இவர் படுத்த வாக்கிலேயே சிரித்தார். "இது நம்ம பால்வெட்டு லைட்டுல்லா!" வாரம் ஒரு ஊசி, கண்ணுக்குள். கூலி போய், பஸ் காசு போய், மூன்று மாதத்துக்கும் மேல் அலைந்ததில் வலது கண்ணில் பாதிக்கு மேல் நின்றது. மரம் வெட்ட முடியாது. விடியற்காலையில் இப்போதும் எழுந்துவிடுவார். தோட்டத்துக்குப் போகிறவர்களின் விளக்கு வரிசை கீழே வளைவில் திரும்பும்வரை திண்ணையில் இருந்து பார்ப்பார். வலப்பக்கமாகக் கொஞ்சம் தலையைத் திருப்பினால்தான் தெரியும்.