மகனை மகனோடே ஒப்பிடுங்கள்



ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்பும், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அறைவீட்டு வாசலில் தயங்கி நின்றான். அழைத்து விசாரித்தோம்.

"சுவாமி, எனக்கு ஏதேனும் நோயா?" என்றான்.

அவனுடைய பெரியப்பா மகனுக்கும் அதே வயதுதான். தோள் அகன்று, குரல் உடைந்து, மீசையும் அரும்பிவிட்டது. இவனோ ஒட்டிய மார்பும் நெடிய கால்களுமாய் இருக்கிறான். உறவினர் முன்னிலையில் தந்தை இவனை "ஈர்க்குச்சி" என்று அழைக்கிறாராம். தேர்வுக் கட்டணமென்று பொய் சொல்லிப் பெற்ற பணத்தில், சதை வளர்க்கும் பொடி ஒன்றை வாங்கி ஒளித்து வைத்திருந்தான்.

இது நோயன்று. ஆண் பிள்ளைகளின் பருவ மாற்றம் 9 வயதிற்கும் 14 வயதிற்கும் இடையில் எப்பொழுதும் தொடங்கலாம். எனவே ஒரே வகுப்பில் சிறுவனும் இளைஞனும் அருகருகே அமர்ந்திருப்பது இயல்பே. சிலர் உயரும் முன் சற்றுப் பருப்பர். முதலில் பாதமும் கை கால்களும் நீளும். உடல் பின்னரே ஈடுகொடுக்கும். விரைந்து வளரும் ஆண்டில் 9 செ.மீ. அளவிற்கு உயர்வதுண்டு. தசை வலிமையோ பெரும்பாலும் அதற்குப் பின்னரே வேகமாகப் பெருகும். ஆகவே உயர்ந்துவிட்டான் என்பதற்காக ஆள் சுமையை ஏற்றுவதும் தவறு; மெலிந்திருக்கிறான் என்று இகழ்வதும் தவறு.

பிரான்சு நாட்டில் மோன்பெயார் என்பவர், 1759-இல் பிறந்த தம் மகனின் உயரத்தை 1777 வரை தொடர்ந்து அளந்து குறித்து வைத்தார். ஆண்டுதோறும் தணிந்து வந்த வளர்ச்சி வேகம், பதின்மூன்று பதினான்கு வயதையொட்டித் திடீரெனப் பெருகுவதை அக்கணக்கு காட்டுகிறது. அதில் அண்டை வீட்டுப் பிள்ளையின் உயரம் இல்லை. தம் மகனின் நேற்றும் இன்றுமே உள்ளன.

முட்டை, மீன், பயறு, பால், நல்ல உறக்கம் ஆகியவை போதும். தசை பெருக்கும் ஊசி மருந்துகள் எலும்பின் வளர்ச்சியை முன்னதாகவே முடித்து, உயரத்தைக் குறைத்துவிடக் கூடும். பதினான்கு வயது நிறைந்தும் எம்மாற்றமும் தோன்றாவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர்களுள்ளும் பலர் சற்றுப் பிந்தி வளர்பவர்களே. இது குடும்ப வழியாகவும் வருவதுண்டு.

சிறுவனின் இசைவு பெற்று அவன் தந்தையிடம் பேசினோம். நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "எனக்கும் பதினாறு வயதில்தான் மீசை அரும்பிற்று, சுவாமி. மறந்தே போனேன்" என்றார்.

"அதை மகனிடம் சொன்னீர்களா?" என்று கேட்டோம். தலைகுனிந்தார்.

பெற்றோரே, உங்கள் மகனும் இத்தகைய ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கலாம். இன்றே சொல்லுங்கள்.