'இனிதே நடந்தேறியது' என்பது ஓர் அறிக்கையா?



நம் தமிழ்ப்பள்ளிகளில் எழுதப்படும் அறிக்கைகளைப் பற்றிச் சற்றே காரமாக எழுதப் போகிறேன். சினம் கொள்வோர் முழுவதும் படித்துவிட்டுச் சினம் கொள்ளுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் செயலாளர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 'கழிப்பறைகளைச் சீர்செய்யும் பணிகள் சிறப்பான முறையில் மேற்கொள்ளப்பட்டன. ஒத்துழைப்பு நல்கிய அனைத்து நல்லுள்ளங்களுக்கும் நன்றி மலர்கள் உரித்தாகுக.' செவிக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், எத்தனை கழிப்பறைகள்? யார் சீர்செய்தார்? எத்தனை வெள்ளி செலவாயிற்று? பெண்பிள்ளைகள் பக்கத்துக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா? எதற்கும் விடையில்லை. ஆயினும் ஒருவர் முன்மொழிகிறார், மற்றொருவர் வழிமொழிகிறார், அறிக்கை ஏற்கப்படுகிறது. அடுத்து வரும் செயற்குழு அதே குழாய்க்கு மறுபடியும் நன்கொடை திரட்டுகிறது.

அறிக்கை என்பது நிகழ்விடத்தில் இல்லாத ஒருவருக்காக எழுதப்படுவது. அதைப் படித்து அவர் ஒரு முடிவெடுக்க வேண்டும். நாமோ அங்கே இருந்தவர்களை மகிழ்விப்பதற்காக எழுதுகிறோம். வரவேற்புரையும் நன்றியுரையும் எழுதிப் பழகிய கை, அறிக்கையையும் அதே மாலையில் தொடுத்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளி மாணவருக்கு அறிக்கை எழுதக் கற்பிக்கும்போதும் தலைப்பு எங்கே, நாள் எங்கே, கையொப்பம் எங்கே என்று சட்டகத்தைத்தான் மனனம் செய்விக்கிறோம். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது யாருக்கும் கவலையில்லை.

இதில் 'படு' என்னும் துணைவினை ஆடும் ஆட்டம் தனி. தமிழ் வினைமுற்று, செய்தவரைத் தன் விகுதியிலேயே சுமந்து நிற்பது. 'செய்தேன்' என்றால் நான். 'செய்தோம்' என்றால் நாங்கள். எழுவாயை மறைத்தாலும் ஆள் தப்ப முடியாது. அப்படிப்பட்ட மொழியை வைத்துக்கொண்டு 'பரிந்துரைக்கப்பட்டது', 'ஒத்திவைக்கப்பட்டது', 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதி ஆளையே காணாமல் செய்துவிடுகிறோம்! 'வேலி பழுதுபார்க்கப்பட வேண்டுமெனத் தீர்மானிக்கப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் இருந்தால், அந்த வேலி அடுத்த ஆண்டும் அப்படியே சாய்ந்து கிடக்கும். 'பொருளாளர் மார்ச் 15க்குள் இரண்டு குத்தகையாளர்களிடம் விலை கேட்டுத் தலைமையாசிரியரிடம் தருவார்' என்று எழுதிப் பாருங்கள். பொருளாளருக்கு உறக்கம் வராது. வேலி நிமிர்ந்துவிடும்.

வேலியாவது கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளையைப் பற்றி நாம் எழுதும் அறிக்கையில்தான் என் உண்மையான வருத்தம் இருக்கிறது.

2019 தொடங்கி முதல் மூன்று ஆண்டுகளுக்கான பள்ளித் தேர்வுகளைக் கல்வி அமைச்சு நீக்கியது. 1988இலிருந்து நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீங்கியது. நல்லதா கெட்டதா என்ற வழக்கை இங்கே இழுக்க விரும்பவில்லை. அதன் விளைவாக, சிறு வகுப்புப் பிள்ளை எந்நிலையில் இருக்கிறான் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லும் பொறுப்பு முழுக்க ஆசிரியரின் மதிப்பீட்டின்மீது வந்து அமர்ந்தது. ஆறு அடைவுநிலைகள். மூன்றாவது நிலைதான் எட்ட வேண்டிய குறைந்த அளவு. இதை எத்தனை பெற்றோருக்கு விளக்கியிருக்கிறோம்? 'மூன்று' என்று கண்டதும் பிள்ளை வகுப்பில் மூன்றாவதாக வந்துவிட்டான் என்று மகிழ்வோரும் உண்டு.

எண்ணுக்குப் பக்கத்தில் நாம் எழுதும் வாக்கியமோ, 'மேலும் முயற்சி செய்தால் சிறந்து விளங்கலாம்.' இது எந்தப் பிள்ளைக்குத்தான் பொருந்தாது? எனக்கும் பொருந்தும், கல்வி அமைச்சருக்கும் பொருந்தும். இரண்டாம் ஆண்டில் எழுத்துக்கூட்டித் தடுமாறும் ஒரு பையன், இந்த ஒரே வாக்கியத்தைச் சுமந்துகொண்டு மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் போய்ச் சேர்கிறான். ஒவ்வோர் ஆசிரியரும் புதிதாக அதிர்ச்சியடைகிறார்.

அவனைப் பற்றி இப்படி எழுத என்ன தடை? 'உயிரெழுத்துகளையும் மெய்யெழுத்துகளையும் நன்கு அறிவான். ககர வரிசையில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் எழுத்துகளில் திணறுகிறான். கொ, கோ இரண்டையும் ஒன்றாகவே படிக்கிறான். வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம் இவ்வெழுத்துகள் வரும் சொற்களை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள்.' இதைப் படித்த தாய்க்கு இன்றிரவே ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆசிரியருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரிகிறது.

நேரமில்லை என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வது என் காதில் விழுகிறது. மெய்தான். ஒவ்வொரு சிறு நடவடிக்கைக்கும் படங்கள் ஒட்டிய ஒரு பக்க அறிக்கை கேட்பவர்களை நானும் வாழ்த்துவதில்லை. யாரும் திரும்பிப் பாராத அந்தப் படங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதி போதும். எல்லாருக்கும் மூன்று வரி எழுத வேண்டியதில்லை. ஒன்றிலும் இரண்டிலும் நிற்கும் பிள்ளைகளுக்கு எழுதுங்கள்.

குறையை எழுதினால் பெற்றோர் பிள்ளையைச் சீனப்பள்ளிக்கு மாற்றிவிடுவர் என்பது இன்னோர் அச்சம். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் என்னவாகும் என்பது நமக்குத் தெரியாததன்று. ஆனால், மூன்றாண்டுகள் 'முயற்சி தேவை' என்று படித்துவிட்டு, பிள்ளைக்கு வாசிக்கவே வரவில்லை என்பதை நான்காம் ஆண்டில் திடீரெனக் கண்டறியும் தந்தை என்ன செய்வார்? அவர் தம்பியையும் சேர்த்தே வேறு பள்ளியில் பதிவார், உறவினரிடமும் சொல்வார்.

கடைசியாக ஒரு கூட்டம். எண்ணும் பெயரும் நாளுமாக எழுதினால் தமிழின் மாண்பு குறையுமாம். நிருவாகத்துக்குத் தேசிய மொழியே போதுமாம். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் போய்ப் படியுங்கள் என்பேன். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது. ஊர் வாரியத்துக்கு யார் வரலாம் என்பதை நில அளவு, வயது, சொந்த மனையில் வீடு என்று அளந்து சொல்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் சேர்த்தே விலக்குகிறது. அங்கே நன்றி மலர்கள் எவையும் இல்லை.

பெற்றோர்களே, வரும் ஆண்டுக்கூட்டத்தில் வழிமொழியக் கை தூக்கும் முன் எழுந்து நின்று கேளுங்கள்: எத்தனை, எவ்வளவு, யார், எந்த நாளுக்குள்? பிள்ளையின் அறிக்கையை வாங்க வரும்போது எங்களிடமும் கேளுங்கள்: இவனுக்கு எந்த எழுத்து வரவில்லை?