லேசர் ஒளியும் பாம்பின் இருதயமும்

களக்காட்டில் வாழை போட்டிருக்கும் அன்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்தார். நெஞ்சு வலிக்கு லேசர் ஒளியால் இருதயத்தில் துவாரம் போடுகிறார்களாமே, தோட்டத்தை விற்றாவது செய்து கொள்ளலாமா என்று கேட்டார். நிலத்தை விற்று வேண்டுதல் செலுத்துகிறவர்களைக் கண்டிக்கிற நாம், நிலத்தை விற்று யந்திரத்துக்குச் செலுத்துவதை மட்டும் கேள்வி கேட்காமல் விடலாமா?

இந்த யோசனைக்கு நம் நாட்டிலேயே ஒரு வேர் உண்டு. பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சென் என்பவர் 1965-ல், இருதயச் சதையை ஊசியால் குத்தி இரத்தத்துக்கு வழி செய்யும் முறையை வெளியிட்டார். பாம்பு முதலிய ஊர்வனவற்றின் இருதயச் சதை, அறைக்குள் இருக்கும் இரத்தத்தையே நேராக உறிஞ்சிப் பிழைக்கிறது. மனிதனுக்கோ மேலே ஓடும் குழாய் அடைபட்டால் சதை பட்டினி. நல்ல யோசனைதான்; சென் அவர்களை நாம் குறை சொல்லவில்லை. பிற்பாடு ஊசியின் இடத்தில் லேசர் வந்தது. 1998-ல் அமெரிக்க அரசாங்கமும் அனுமதி கொடுத்தது.

ஆனால் போட்ட துவாரங்கள் சீக்கிரத்தில் மூடிக் கொண்டன. மூடிய பிறகும் நோயாளிகள் வலி குறைந்ததென்றார்கள்! துவாரமே இல்லாதபோது குணம் எங்கிருந்து வந்தது? புதுக் குழாய் முளைத்ததென்றார் சிலர், நரம்பு கருகியதென்றார் சிலர்.

இதற்குப் பழைய கதை ஒன்றுண்டு. நெஞ்சு வலிக்கு மார்பிலுள்ள ஒரு குழாயைக் கட்டிவிடும் சிகிச்சை அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. 1959-ல் 17 பேரை எடுத்து, சிலருக்குக் குழாயைக் கட்டினார்கள். மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. இரு சாராருக்கும் ஒன்று போலவே வலி குறைந்தது. விபூதியில் குணமானவனும் இப்படித்தானே சத்தியம் செய்கிறான்?

லேசரையும் இவ்விதமே சோதித்தார்கள். காலின் வழியாகக் குழாய் விட்டு 298 பேருக்குச் சிகிச்சை. ஒரு பகுதியாருக்கு லேசர் போட்டதாகப் பாவனை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வித்தியாசமில்லை. 2005-ல் இதை அச்சிட்டார்கள். மார்பைத் திறந்து செய்யும் லேசர் முறையையும் வேண்டாமென்று இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2009-ல் சொல்லிவிட்டது.

அன்பரிடம் தோட்டத்தை விற்க வேண்டாமென்றோம். அடைப்பு எங்கே, எவ்வளவு, மருந்து போதுமா, பைபாஸோ ஸ்டென்டோ ஆகுமா என்று ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கச் சொன்னோம். "லேசர் என்றால் பெரிசாக இருக்குமென்று நினைத்தேன்" என்றார். பீடியை மடியில் செருகிக் கொண்டே எழுந்தார். அதையும் கையோடு வாங்கி வைத்துக் கொண்டோம்.