ரக்பி லீக்: டிவி பணத்தை எப்படிப் பிரித்தால் நியாயம்?

2025 பிப்ரவரி. இங்கிலாந்தின் சூப்பர் லீக் ரக்பி சீசனில் முதல் வாரம். ஸ்கோர்: செயின்ட் ஹெலன்ஸ் 82, சால்ஃபோர்டு 0. சால்ஃபோர்டு அணி கடும் பணச் சிக்கலில் இருந்ததால், வீரர்களுக்கு 12 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று நிர்வாகம் வரம்பு போட்டிருந்தது. கையில் கிடைத்த இளம் வீரர்களை வைத்துத்தான் அன்றைக்கு ஆடினார்கள். அந்த மேட்ச்சை நீங்க டிவியில எத்தனை நிமிஷம் பார்த்திருப்பீங்க?

டிவி பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற சண்டைக்கு அடியில் இருப்பது இந்தக் கேள்விதான்.

முதலில், எவ்வளவு பணம்?

ரக்பி லீக் என்பது அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி. 1895ல் வட இங்கிலாந்து கிளப்கள் தனியாகப் பிரிந்ததில் தொடங்கியது. வேலையை விட்டுவிட்டு ஆட வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலியைக் கொடுக்கணும் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. ஆக, பணப் பங்கீடு இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கு.

2021ல் முடிந்த ஒப்பந்தத்தில் ஸ்கை நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி பவுண்ட் கொடுத்தது. 2024-26 ஒப்பந்தத்தில் அது சுமார் 2.15 கோடி. கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. இந்தத் தொகையை 12 அணிகளுக்குச் சமமாக வகுத்தால் தலைக்கு சுமார் 18 லட்சம். தொகை கூடாமல் 14 அணிகளுக்கு வகுத்தால் 15.4 லட்சம். இதில் நிர்வாகச் செலவும் கீழ்நிலை லீக்குகளின் பங்கும் போக, கையில் வருவது இன்னும் குறைவு. ஆனால் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 21 லட்சம். அதாவது டிவி பணம் முழுசா வந்தாலும் வீரர்களின் சம்பளத்துக்கே காணாது. மீதிக்கு டிக்கெட், ஸ்பான்சர், முதலாளியின் பாக்கெட்.

பிரிக்க என்ன வழிகள் இருக்கு?

மூன்று வழிகளைச் சொல்லலாம். ஒன்று, எல்லோருக்கும் சமம். இரண்டு, ஜெயிப்பவருக்கும் அதிகம் பேர் பார்க்கும் அணிக்கும் கூடுதல். மூன்று, இரண்டும் கலந்தது. இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்து மூன்றாவது வகை: உள்நாட்டு டிவி பணத்தில் 50% சமம், 25% புள்ளிப்பட்டியல் இடத்தைப் பொறுத்து, 25% எத்தனை மேட்ச் டிவியில் வந்தது என்பதைப் பொறுத்து.

"விகன், லீட்ஸ் மாதிரி அணிகளைப் பார்க்கத்தான் ஜனம் சந்தா கட்டுது, அவங்களுக்கு ஏன் அதே பங்கு?" என்று கேட்பவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனா தரவைப் பாருங்க. 1998 முதல் 2024 வரை நடந்த 27 இறுதிப் போட்டிகளையும் நாலே நாலு அணிகள்தான் ஜெயித்தன: விகன், செயின்ட் ஹெலன்ஸ், லீட்ஸ், பிராட்ஃபோர்டு. சம்பள உச்சவரம்பு இருந்தும் இந்த நிலை. பெரிய அணிகளுக்குப் பெரிய பங்கும் சேர்ந்தால் இடைவெளி இன்னும் கூடத்தான் செய்யும்.

2025ல் அந்தப் பூட்டை உடைத்தது ஹல் கேஆர். 2020ல் கடைசி இடத்தில் இருந்த அணி அது. கோவிட்டால் அந்த ஆண்டு யாரையும் கீழே இறக்கவில்லை. லீக்கிலேயே இருந்து, ஐந்து வருஷம் நிதானமாக அணியைக் கட்டி, கோப்பையைத் தூக்கியது. டிவி பணம் மட்டுமே காரணம் இல்லை, ஆனால் அந்த அவகாசம் இல்லாமல் இது நடந்திருக்காது.

உண்மையான கோளாறு எங்கே?

புதிதாக வருபவர்களிடம். 2020ல் சூப்பர் லீக்குக்கு வந்த கனடாவின் டொரான்டோ அணிக்கு டிவி பணத்தில் ஒரு பைசா பங்கு இல்லை. கோவிட்டும் சேர்ந்துகொள்ள, பாதி சீசனிலேயே விலகியது. அந்த இடத்துக்கு 2021ல் வந்த லீ அணிக்கு முழுப் பங்கு தரப்படவில்லை. 22 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டு. அணி சேர்க்க நேரமும் குறைவாக இருந்தது உண்மை. அதே லீ 2022ல் மறுபடி தகுதி பெற்று, 2023ல் சேலஞ்ச் கோப்பையையே வென்றது. திறமை இல்லாத ஊர் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு, "பாருங்க, போட்டியே போட முடியல" என்று சொல்வது என்ன கணக்கு?

ஐபிஎல்லை யோசியுங்க. 2023-27க்கான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அணிகளுக்கு வரும் மத்திய வருமானத்தில் பெரும்பகுதி சமமாகவே பிரிகிறது. கடைசி இடத்தில் முடித்த அணியும் அடுத்த ஏலத்துக்குத் தெம்பாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஐபிஎல்லில் கீழே இறங்குவதும் மேலே வருவதும் கிடையாது. சூப்பர் லீக்கின் சிக்கலே அங்கேதான்.

அப்போ என்ன செய்யலாம்?

முக்கால் பங்குக்கு மேல் சமமாகப் பிரிக்கலாம், புதிதாக வந்த அணிக்கும் முதல் நாளிலிருந்தே முழுசாக. மீதியைப் புள்ளிப்பட்டியல் இடத்துக்குக் கொடுக்காமல், மைதானத்துக்கு வரும் கூட்டம், இளைஞர் பயிற்சி என எந்த அணியும் உழைத்து உயர்த்தக்கூடியவற்றுக்குக் கொடுக்கலாம். கூடவே கணக்கு வழக்கில் கறாரான கண்காணிப்பும் வேணும். மற்றவர்களோடு பங்கு வாங்கிவந்த சால்ஃபோர்டே திணறியது என்றால், பங்கு மட்டும் ஓர் அணியைக் காப்பாற்றாது.

டிவி வாங்குவது விகன் என்ற அணியை இல்லை, விகன் ஆடும் மேட்ச்சை. அதுக்கு எதிரே நின்று ஆட இன்னொரு அணி வேணும். 82-0 ஆன மேட்ச்சுக்கு அடுத்த ஒப்பந்தத்தில் யாரும் கூடுதல் விலை தர மாட்டார்கள்.