நானூறாம் இலக்கப் பூனை

சென்ற வாரம் மாணவன் ஒருவன் எம்மிடம் வினாவினான்: "ஐயா, நோயொன்றின் காரணத்தைக் கண்டறிய ஒரு கெட்டிக்கார வைத்தியர் போதாதா? பலர் கூடினால் வீண்வாதந்தானே மிஞ்சும்?" அவனுக்கு நாம் சொன்ன வரலாற்றையே இன்று வாசகர்க்கும் கூற விழைகின்றோம்.

யப்பானின் தென்பாலுள்ள கியூசுத் தீவிலே மினமாட்டா என்றொரு கரையோரப் பட்டினம் உண்டு. அங்கே குடாக்கடலின் மீனை உண்டு வாழ்ந்தோர் பலர். பெரிய இரசாயனத் தொழிற்சாலையொன்றில் ஊழியம் புரிந்தோரும் பலர். 1950ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ப் பூனைகள் வெறிகொண்டாற்போற் சுழன்றாடி மடியலாயின. 1956 ஏப்பிரிலில் ஐந்து வயதுச் சிறுமியொருத்தி, நடக்கவும் பேசவும் இயலாதவளாய்த் தொழிற்சாலை வைத்தியசாலைக்குக் கொணரப்பட்டாள். சில நாட்களில் அவள் தங்கைக்கும் அதே கதி நேர்ந்தது. வைத்தியசாலைத் தலைவர் ஹாஜிமே ஹொசொகாவா, மே மாதம் முதலாந் திகதி, காரணம் விளங்காத நரம்புநோய் தோன்றியுள்ளதெனச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார்.

தொற்றுநோயென அஞ்சிய அயலவர், நோயாளர் குடும்பங்களை ஒதுக்கினர். உண்மை துலங்காதவரை நோயோடு பழியும் அவர்கள் மீதே சுமந்தது.

உண்மையை நாடிப் பலர் கைகோத்தனர். ஊர் வைத்தியர்கள் பழைய நோயாளரைத் தேடிக் கணக்கெடுத்தனர். குமமோட்டோப் பல்கலைக்கழக அறிஞர்கள் இறந்தோரின் மூளையைச் சோதித்தனர். 1957இல் சுகாதார நிலையத் தலைவர் குடாவின் மீனைப் பூனைகளுக்கு ஊட்ட, அவையும் அந்நோய்க்கு ஆளாயின. ஆகவே, நஞ்சு மீனிலே உளது என்பது தெளிவாயிற்று. ஆனால், எந்த நஞ்சு? மங்கனீசு, செலெனியம், தாலியம் என ஐயங்கள் மாறி மாறி எழுந்தன. 1940இல் இங்கிலாந்து வைத்தியர்கள், மெதயில் பாதரசத்தைக் கையாண்ட தொழிலாளர்க்கு உற்ற நோயை விவரித்திருந்தனர். 1958இல் மினமாட்டா வந்த ஆங்கில நரம்பு வைத்தியர் டக்ளஸ் மக்அல்பைன், இரு நோய்களுக்குமுள்ள ஒப்புமையைச் சுட்டினார். 1959 யூலையிலே பல்கலைக்கழகக் குழுவினர், சேதனப் பாதரசமே காரணமென வெளியிட்டனர்.

அதே வேளையில் ஹொசொகாவாவும் தொழிற்சாலையின் கழிவுநீரை உணவிற் கலந்து, நானூறாம் இலக்கமிட்ட பூனைக்கு ஊட்டி வந்தார். ஒக்டோபரில் அப்பூனை வலிப்புற்று வீழ்ந்தது. பல்கலைக்கழகத்தார் தேடிய இறுதிக் கண்ணி அதுவே. எனினும், நிருவாகத்தினர் பரிசோதனையை நிறுத்துமாறு பணித்தனர், முடிவு வெளிவரவில்லை. ஹொசொகாவாவும் வாய்திறந்திலர்.

அம்மௌனத்தின் விலை யாது? 1968 வரை, மேலும் ஒன்பதாண்டுகள், பாதரசக் கழிவு வெளியேறியது. கருவிலேயே நஞ்சேறிய குழந்தைகளும் அங்கே பிறந்திருந்தனர். 1965இல் நீகாட்டாப் பகுதியிலே, வேறொரு தொழிற்சாலையின் கழிவால் அதே நோய் மீண்டும் தலைகாட்டியது. முதற் பாடம் முழுமையாக வெளிவந்திருப்பின், இரண்டாவது துயர் தவிர்ந்திருத்தலுங் கூடும். 1970இலே ஹொசொகாவா நோய்ப்படுக்கையிற் கிடந்தவாறே பூனையின் வரலாற்றைச் சாட்சியமாகக் கூறினார். 1973இல் நீதிமன்றம் நோயாளர் பக்கமே தீர்ப்பளித்தது.

முதலில் எச்சரித்தவரும் அவரே. பின்னர் வாளாவிருந்தவரும் அவரே. அவரைத் தூற்றுவது எமது நோக்கமன்று. தம் சம்பளமும் தோழமையும் ஒருபுறமிருக்க, உண்மை மறுபுறம் நிற்கும்போது தடுமாறாதார் எத்தனை பேர்?

சூழலிலுள்ள நஞ்சு நீரிலே தொடங்கி, மீனிற் சேர்ந்து, மனிதனின் மூளையிற் போய் முடிகின்றது. அப்பாதை முழுவதையும் ஒருவர் தனித்து அறிதல் அரிது. மீனவன் கண்டதையும், வைத்தியன் கண்டதையும், தொழிற்சாலை அறிந்ததையும் ஒன்றாய் வைத்தாலன்றி விடை கிட்டாது. ஒருவர் தம் பங்கை மறைப்பினும் மற்றையோர் உழைப்பு முடமாகும்.

வினாவிய மாணவன் சற்று நேரம் மௌனமாய் நின்றான். பின், "அந்த வைத்தியர் அன்றே சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றான். நாளை ஆய்வுகூடங்களிற் பணிபுரியப்போகும் எம் பிள்ளைகள் அவ்வொரு வாக்கியத்தை நினைவில் இருத்துவாராக.