பேருக்குப் பேரூர், பிழைப்புக்கு வயல்!

வாசுதேவநல்லூரில் பேரூராட்சி மன்றம் இருக்கிறது. வாசுதேவநல்லூர் ஊராட்சி ஒன்றியம் என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரின் பெயரைத் தாங்கியவை. ஒன்றியத்தைச் சேர்ந்த கிராமங்களில் வசிக்கும் விவசாயத் தொழிலாளிக்குச் சட்டத்தின்படி சர்க்காரிடம் வேலை கேட்க உரிமை உண்டு. ஒன்றியத்துக்குப் பெயர் கொடுத்த ஊரில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த உரிமை கிடையாது. இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

சென்ற நடுகைக் காலத்தில் ஒரு காலனித் தெருவில் நாம் கூட்டம் போட்டிருந்தோம். குடிதண்ணீர், தெருவிளக்கு, வாறுகால் என்று வழக்கமான கோரிக்கைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். வயலிலிருந்து அப்போதுதான் திரும்பி, காலில் சேறு காயாமல் நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் குறுக்கே பேசினார். "அண்ணாச்சி, லைட்டெல்லாம் இருக்கட்டும். பக்கத்து ஊர்க்காரியும் நானும் ஒரே வயல்லதான களை எடுக்கோம்? வயல்ல வேல இல்லன்னா அவ குளத்துல மண்ணு வெட்டப் போறா. நான் வீட்டுல சும்மா கெடக்கேன். எனக்கு மட்டும் ஏன் கெடையாது?"

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நமக்கு உடனே பதில் வரவில்லை. அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறோம்.

2005ல் நாடாளுமன்றம் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஊரகம் என்றால் எது என்பதற்கு அந்தச் சட்டமே விளக்கம் எழுதிவைத்தது. நகர்ப்புற ஸ்தல ஸ்தாபனமோ கண்டோன்மென்ட் போர்டோ இல்லாத பகுதிதான் ஊரகம். அவ்வளவுதான் விளக்கம். அந்த ஊரில் என்ன விளைகிறது, எத்தனை பேர் அன்றாடக் கூலிக்கு வயலில் இறங்குகிறார்கள், மழை தப்பினால் எத்தனை அடுப்பு எரியாது என்ற கேள்விக்கெல்லாம் அங்கே இடமில்லை. பேரூராட்சி என்று போர்டு மாட்டியிருந்தால் அது நகரம்; நகரவாசிக்கு வேலை உறுதி கிடையாது.

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நூறு நாளை 125 நாள் என்று காகிதத்தில் உயர்த்திவிட்டு, செலவில் நூற்றுக்கு நாற்பதைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் தலையில் கட்டினார்கள். அந்தச் சட்டத்தின் வண்டவாளத்தைச் சொல்லத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: புதிய சட்டமும் ஊரகத்தோடு நின்றுவிட்டது. பேரூராட்சிக் கூலிக்காரன் பழைய சட்டத்திலும் இல்லை, புதிய சட்டத்திலும் இல்லை.

2025ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நூறுநாள் வேலைக் கூலி தினம் 336 ரூபாய். நூறு நாளுக்கு 33,600 ரூபாய். முழு நூறு நாளும் பெரும்பாலோருக்குக் கிடைத்ததில்லை என்பது நமக்குத் தெரியும். பாதி நாள் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம், 16,800 ரூபாய். வட்டிக்காரன் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

நகரம் என்று யார் சொன்னது?

ஆதியில் இந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1958ஆம் வருஷத்துச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி 5,000 ஜனத்தொகையும் வருஷத்துக்கு 10,000 ரூபாய் வருமானமும் இருந்தால் அந்த ஊரை டவுன் பஞ்சாயத்தாக்கலாம். தலையை எண்ணினார்கள், கல்லாப் பெட்டியை எண்ணினார்கள். ஊரார் எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்று எண்ணவில்லை. ஆனாலும் அன்று அதனால் பெரிய கேடு விளையவில்லை. டவுன் பஞ்சாயத்தும் பஞ்சாயத்துச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. பிறகு 1981ல் பேரூராட்சிகளுக்கென்று தனி இயக்குநரகம் வந்தது. 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் ஊர்களையும் நகர ஸ்தாபனங்களின் வரிசையில் வைத்தது.

ஆனால் அதே அரசியல் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? எந்த ஊரை இந்த வரிசையில் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது ஜனத்தொகை, நெருக்கம், வருமானம் இவற்றோடு, விவசாயமல்லாத தொழில்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஜனத்தொகைக் கணக்கு எடுப்பவர்களும், ஒரு கிராமத்தை நகரமென்று கணக்கில் சேர்க்க, அங்குள்ள ஆண் தொழிலாளிகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேராவது விவசாயமல்லாத வேலையில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சட்டப்படி ஏற்கெனவே நகரமான ஊருக்கு மட்டும் அந்தச் சோதனை கிடையாது! பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அப்புறம் யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

வாசுதேவநல்லூரை உரசிப் பாருங்கள். தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகும் ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்குக் கடைகள் தெரியும்; டவுன் என்றுதான் நினைப்பார். ரோட்டை விட்டு மேற்கே திரும்பி நடக்கட்டும். மலையடிவாரம் வரை நெல்லும் கரும்பும் தென்னையும் எலுமிச்சையும்தான். கார், பிசானம் என்ற பேச்சு இன்னும் சாகவில்லை. மலைமேல் செண்பகவல்லிக் கால்வாயின் உடைப்பு தலைமுறைக் கணக்கில் அடைபடாமல் கிடக்க, குளத்துக்குத் தண்ணீர் வருமா வராதா என்று மேகத்தைப் பார்த்து நிற்கும் ஊர் இது. தண்ணீர் வந்த வருஷத்திலும் அறுவடையை இயந்திரம் அறுத்துப் போகிறது. முன்பு ஒரு போகத்தில் கிடைத்த அறுப்பு வேலை இன்று எத்தனை நாள் என்று கைவிரலை மடக்கி எண்ணிவிடலாம்.

இந்தப் பெயர் கல்லில் வெட்டியதா என்றால் அதுவும் இல்லை. 2004 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே உத்தரவில் 'சிறப்புக் கிராம ஊராட்சி' ஆக்கினார்கள். டில்லியிலிருந்து கிராமங்களுக்கு வரும் பணம் வேண்டும் என்பது காரணம். 2006ல் ஆட்சி மாறியது. ஜூலையில் இன்னோர் உத்தரவு. எல்லாம் மறுபடியும் பேரூராட்சி! அன்று நம்முடைய ஜில்லாவான திருநெல்வேலிக்கு நூறுநாள் வேலை வந்தது 2007 ஏப்ரலில். அதாவது சட்டம் வருவதற்கு முன்னால் கிராமமாக இருந்த ஊர்கள், வேலை வந்து சேரும்போது நகரமாகிவிட்டன. உத்தரவு போட்டவர்கள் ஒரு விவசாயத் தொழிலாளியிடமாவது இதைப் பற்றிக் கேட்டார்களா?

கொடுப்பதில் நகரம், பெறுவதில்?

நகரம் என்ற பெயரால் வேலை போயிற்று. வரி மட்டும் தவறாமல் வந்தது. 2022 பிப்ரவரி 19ல் நகர ஸ்தாபனங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஓட்டுப் பெட்டியின் சூடு ஆறுவதற்குள், ஏப்ரல் முதல் தேதியே சொத்து வரி உயர்வு அறிவிப்பு. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கும் நூற்றுக்கு 25. 1,200 சதுர அடி வரை 50. அதற்கு மேல் 75, 100. டில்லி நிதிக் கமிஷனின் நிபந்தனை என்று சாக்குச் சொன்னார்கள். நிபந்தனை போட்டவர்களையும் நாம் விடப்போவதில்லை, தலையாட்டியவர்களையும் விடப்போவதில்லை. ராஜபாளையத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வரும் பிள்ளையின் சம்பளத்திலும், அவன் தாயாரின் களையெடுப்புக் கூலியிலும்தானே இந்த 25 சதவீதம் கை வைக்கிறது? ஆலைத் தோழர்கள் இதை வயல்காட்டுக்காரர்களின் பிரச்னை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆலையில் வேலை குறைந்தால் நீங்களும் அதே வயலுக்குத்தான் வந்து சேருவீர்கள்.

கிராம ஊராட்சியில் வருஷத்துக்கு ஆறுமுறை கிராம சபை கூட வேண்டும். செலவுக் கணக்கை அங்கே வைக்க வேண்டும். பேரூராட்சிக்காரனுக்கு வெகுகாலம் அதுவும் இல்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது; 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடத்தாமல், ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளைக் கொண்டே நகர ஸ்தாபனங்களை ஓட்டினார்கள். ஒரு முழு மன்றத்தின் ஆயுள் இது. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலம்.

மன்றம் இருக்கும்போதும் முன்னுரிமை எதற்குப் போகிறது? நாம் பார்த்த வரையில் பேரூராட்சிகள் பலவற்றின் கதை ஒன்றுதான். ரோட்டோரத்தில் வணிக வளாகம், நுழைவாயிலில் வளைவு, ஏற்கெனவே நல்ல தெருவாக இருக்கும் இடத்தில் பேவர் பிளாக். ஜே.சி.பி. வந்து ஒரு நாளில் தோண்டுகிறது, கான்ட்ராக்டர் பில் வாங்குகிறார், ஊராருக்கு ஒரு நாள் கூலியும் கிடைப்பதில்லை. வாறுகாலின் மண் அள்ளப்படாமல் கிடக்கிறது. மழை வந்தால் காலனி வீட்டுக்குள் சாக்கடை. பெண்கள் கழிப்பிடம் கட்டுவார்கள், தண்ணீருக்கு மோட்டார் வைக்க மறந்துவிடுவார்கள். சுடுகாட்டுக்குப் பாடையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கும் தெரு எந்த ஊரில் இல்லை?

இந்த வேலைகளையெல்லாம் கைவேலையாகச் செய்யலாமே! ஊருணியைத் தூர் வாரலாம். வாய்க்காலில் செடி வெட்டலாம். சுடுகாட்டுப் பாதைக்கு மண் அடிக்கலாம், மரம் வைக்கலாம். ஊரும் சீராகும், கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும். நகரத்துக்கு வேலை உறுதி சாத்தியமில்லை என்று சொல்லுகிறவர்கள், வாசுதேவநல்லூரில் நின்றால் தெரியும் அந்த மலைக்கு அந்தப்புறம் எட்டிப் பார்க்கட்டும். கேரளத்தில் இருபதாயிரம், முப்பதாயிரம் ஜனங்கள் வாழும் ஊர்களும் கிராமப் பஞ்சாயத்தாகவே இருக்கின்றன. அந்த ஊர்க் கூலிக்காரருக்கு ஊரக வேலை மறுக்கப்படவில்லை. முனிசிபாலிட்டிகளில் வாழ்பவர்களுக்கு 2010லேயே அய்யன்காளியின் பெயரால் நகர வேலை உறுதித் திட்டம் கொண்டுவந்தார்கள். குடும்பத்துக்கு வருஷத்தில் நூறு நாள்.

தமிழ்நாட்டில்? 2022ல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 100 கோடி ரூபாய் ஒதுக்கிப் பரீட்சை பார்த்தார்கள். பேரூராட்சிகளில் மாவட்டத்துக்கு ஒன்று வீதம் 37. மாநிலத்தில் இருந்த பேரூராட்சிகளோ 490. மீதி 453 ஊர்க்காரர்கள் பரீட்சை முடிவு வரும்வரை பட்டினி கிடக்க வேண்டுமா? பரீட்சையும் உரிமையும் ஒன்றல்ல. மந்திரி மனம் வைத்தால் வரும், மனம் மாறினால் போகும்.

2025 ஜனவரியில் கிராமங்களை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்ததும் மாநிலம் எங்கும் ஜனங்கள் கலெக்டர் ஆபீசு வாசலில் திரண்டதை வாசகர்கள் அறிவார்கள். "எங்களை நகரமாக்காதே, நூறுநாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும்" என்று ஜனவரி 26 கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். அவர்கள் பயந்தது எதற்கோ, அதில்தான் பேரூராட்சித் தொழிலாளி இத்தனை வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறான். அவனுக்காக யாரும் திரளவில்லை.

'சோம்பேறி' பட்டம்

நூறுநாள் வேலை கொடுத்தால் வயலுக்கு ஆள் வராது, ஜனங்கள் மரத்தடியில் உட்கார்ந்து சோம்பேறியாகிவிடுவார்கள் என்று பெரிய மிராசுகள் புலம்புவது நமக்குத் தெரியாததல்ல. அவர்கள் சொல்லாமல் விழுங்கும் வார்த்தை ஒன்று உண்டு: கூலி உயர்ந்துவிடும். உயரட்டுமே! களையெடுப்புக்கு நியாயமான கூலி கிடைத்தால் எந்தப் பெண் வயலுக்கு வரமாட்டேன் என்கிறாள்? சின்ன விவசாயியின் கஷ்டம் வேறு. உரவிலையும் கரும்புப் பணமும் அவரைக் கொல்கின்றன. அதற்குக் கூலிக்காரி காரணமல்ல. 1767ல் கும்பினித் தளபதி டொனால்டு காம்பெல் இந்த ஊர் மண்கோட்டையைப் பீரங்கியால் துளைத்தபோது, உள்ளே இருந்தவர்கள் வைக்கோலும் பனைமரமும் கொண்டு குண்டுமழைக்கு நடுவே துளையை அடைத்துக்கொண்டே இருந்தார்கள் என்பது கும்பினிக்காரன் கடிதத்திலேயே பதிவான சங்கதி. அந்த ஜனங்களின் வம்சத்துக்கா சோம்பேறிப் பட்டம்?

இதில் நம்முடைய குறையையும் ஒப்புக்கொள்கிறோம். விளக்குக் கம்பத்துக்கு மகஜர் கொடுத்தோம், குழாய்க்குக் கொடுத்தோம்; பேரூராட்சியின் பட்ஜெட் கூட்டம் என்றைக்கு என்று கேட்டோமா? 2022 நவம்பர் 1ல் நகர ஸ்தாபனங்களில் பகுதி சபைகளைத் தொடங்கிவைத்தார்கள். அதற்குக் கிராம சபையின் பலம் கிடையாது, பல இடங்களில் அது நடப்பதே ஜனங்களுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் சட்டத்தில் இருக்கும் ஒரு வாசல் அது. நாம் அதில் நுழையவில்லை என்றால் கான்ட்ராக்டரின் ஆட்கள் நுழைவார்கள்.

ஆகவே விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் ஆலைத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் இப்போதே தெருத் தெருவாக உட்கார்ந்து ஒரு கணக்கு எடுக்க வேண்டும். எத்தனை வீட்டில் வயல்கூலி பிரதான வருமானம், சென்ற வருஷம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எவ்வளவு வீட்டுவரி கட்டினார்கள். நோட்டுப் புத்தகம் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக்கொடுப்பார்கள். அந்தக் கணக்கைப் பகுதி சபையில் வாசிக்க வேண்டும். பேரூராட்சித் தொழிலாளிக்குச் சட்டபூர்வமான வேலை உறுதி, 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு வரி உயர்வு ரத்து, வாறுகாலும் ஊருணியும் சுடுகாட்டுப் பாதையும் உள்ளூர்க் கைவேலையாகவே நடத்தல் — இந்த மூன்றையும் தீர்மானமாகச் சொல்லி, மினிட் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வரக் கூடாது. நகலைச் செயல் அலுவலரிடம் கையெழுத்துடன் வாங்கி, ஒன்றைச் சங்க ஆபீசுக்கு அனுப்புங்கள். அன்று கேள்வி கேட்ட அம்மாளின் தெருவில் கணக்கெடுப்பை நாமே வந்து தொடங்குகிறோம்.